ஏழாம் இலையில் ஹேமலதா

செய்தி வந்தபோது மெட்ரோ ரயில் மெட்டுகுடா நிலையத்தில் வந்து நின்றிருந்தது. பெண்கள் பெட்டி. ஹேமாக்கா ஏறும் கதவு. கதவு திறந்த நொடியில்தான் கைப்பேசி அடித்தது. அவருடைய தம்பி சுதாகர்.

"அக்கா போயிட்டாங்க" என்றார்.

"ஆபீசுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, படியிறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி வந்தேன். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சந்தில் செருப்புகள் அதற்குள் அவர் வீட்டு வாசலை அடைத்திருந்தன. சுதாகரின் மகள் என்னைத் தனியே அழைத்து, அத்தையின் லேப்டாப்பை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. எனக்குத்தான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஹேமலதாவை இரண்டு கூட்டத்தார் அறிவார்கள். எங்கள் அலுவலகத்தார் ஒரு கூட்டம். மெட்டுகுடாவில் அவரைச் சிறு வயது முதல் பார்த்தவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாம் கூட்டத்துக்கு அவர் 'மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறவர்'. அதனால் தலைவலி மாத்திரை கேட்டு வீட்டுக்கு வருவார்கள். "எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும் பெரியம்மா, மாத்திரை தெரியாது" என்று சொல்லிவிட்டு, மூலைக் கடையில் வாங்கி வந்து கொடுப்பார். அவர் வேலை என்ன என்பதை அவர்களுக்காக நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல முடியாது.

ஒரு புது மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவில் போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார்கள். பல சமயம் வித்தியாசமே இருக்காது. பெரும் உழைப்பு வீண். அப்போது யாராவது கேட்பார்கள்: எல்லோருக்கும் உதவாத மருந்து, சிலருக்காவது உதவியிருக்குமா? அந்தச் சிலர் யார்?

அந்தச் சிலரைத் தேடுவது ஹேமாக்காவின் வேலை. என்னுடையதும்.

தேடும் முறைக்கு மரம் என்று பெயர். கணினி முதலில் நோயாளிகளில் பெரும் பகுதியினரைப் பொறுக்கி ஓரிடத்தில் நிறுத்தும். பிறகு ஒரு கேள்வி. வயது ஐம்பதுக்கு மேலா? ஆம் என்பவர்கள் ஒரு பக்கம், இல்லை என்பவர்கள் மறுபக்கம். எந்தக் கேள்வியைக் கேட்டால் மருந்தின் பலன் இரண்டு பக்கத்திலும் அதிகமாக வேறுபடுமோ, அந்தக் கேள்வியை அதுவே தேர்ந்தெடுக்கும். பிரிந்த ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி ஒரு கேள்வி. கிளை. கிளையில் கிளை. இனிப் பிரிக்க முடியாத சிறு கூட்டம்தான் இலை. ஒவ்வோர் இலைக்கும் ஓர் எண். மருந்து உதவியதாகத் தெரியும் இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது எங்கள் வழக்கம்.

சிக்கலும் அங்கேதான். கேள்வி கேட்டுக்கொண்டே போனால், எங்கோ ஓர் இலை பச்சையாகிவிடும். மருந்து வெறும் மாவாக இருந்தாலும் ஆகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் பிரிவின் தலைவர் ஒரு மருத்துவர், தெலுங்கு மரியாதையில் எல்லோருக்கும் அவர் 'டாக்டர் காரு'. ஒரு கூட்டத்தில் ஹேமாக்கா தான் வளர்த்த மரத்தைத் திரையில் காட்டினார். மரம் கேட்டிருந்த முதல் கேள்வி: மருத்துவமனை எண் பன்னிரண்டரைக்கு மேலா? டாக்டர் காரு உடனே விளக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து மருத்துவமனைகள் பெருநகரங்களில் இருக்கக்கூடும், அங்கே நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள், ஆகவே மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். ஹேமாக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"டாக்டர் காரு, பன்னிரண்டரையாவது ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

கூட்டம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. எழுதும்போது என் காதில் தமிழாகவே விழுகிறது. மருத்துவமனைகளுக்கு நாங்கள் கொடுக்கும் எண் வெறும் பெயர். ஆறாம் மருத்துவமனை மூன்றாம் மருத்துவமனையைவிட இரண்டு மடங்கு எதுவும் இல்லை. 'இவை பெயர்கள்' என்று கணினிக்குச் சொல்ல ஹேமாக்கா மறந்திருந்தார். அது அவற்றை எடையையும் வயதையும் போல அளவாக எடுத்துக்கொண்டு, பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே வெட்டிவிட்டது.

"மறந்தது என் தப்பு. அதுக்கு நீங்க ஒரு காரணம் கண்டுபிடிச்சீங்களே, அது என் தப்பு இல்ல" என்றார். டாக்டர் காருவும் சிரித்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் சிரிப்பு அடங்கிப் போயிருந்தது. "தப்பு பெரிசில்லடி கோயில்பட்டி. அத்தினி பேரும் தலைய ஆட்னாங்களே, அதான் பயமா கீது."

என்னைப் பெயர் சொல்லி அவர் அழைத்ததில்லை. என் ஊர்ப் பெயர், கோயில்பட்டிதான். என் பேச்சை அவர் சந்தேகமாகவே கேட்பார். "இன்னாத்துக்குடி எல்லாத்தையும் சொல்லுதேன், செய்யுதேன்னு இழுக்கிற? உன்னாண்ட அவசர விசயம் கேட்டா ஆம்புலன்ஸ் போயிடும்." அவருடைய முன்னோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். அந்தத் தமிழில் இந்த ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும், அதாவது ஆமாமும் வேண்டாமும், எப்போதோ வந்து கலந்துவிட்டன. ஒரே வாக்கியத்தில் 'இன்னா'வும் 'நக்கோ'வும் வரும். கோபம் வந்தால் முழுக்க உருதுவுக்குப் போய்விடுவார்.

மதியச் சாப்பாட்டில் அவர் டப்பாவில் உப்பு இருக்காது. ஒரு முறை ருசி பார்த்துவிட்டு நான் முழிக்க, தன் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், அதில் பாதி. அருகில் உட்காரும் பையன் "கைக்கு?" என்று உருதுவில் ஏன் எனக் கேட்டான். "டயட்டு. உனக்கும் தேவைதான், கண்ணாடிய பாரு" என்றார். அவன் அப்புறம் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஆய்வு வந்தது.

உடம்பின் காவல் தன் சிறுநீரகத்தையே எதிரியாக நினைத்துத் தாக்கும் ஒரு நோய். அதற்கான புது மருந்து. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சோதித்திருந்தது. மொத்தத்தில் மருந்துக்கும் போலிக்கும் வித்தியாசமில்லை. யாருக்காவது உதவியதா என்று தேடும் வேலை எங்களிடம் வந்தது. ஹேமாக்கா மரம் வளர்த்தார். இந்த முறை மருத்துவமனைகளைப் பெயர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. வெளிறிய இலைகளுக்கு நடுவே ஏழாம் இலை மட்டும் அடர்ந்த பச்சை.

மறுநாள் காலை ரயிலில் கேட்டார்.

"ஏழாவது இலைய பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நல்ல பச்சை."

"அதுல நான் கீறேன்."

வேடிக்கை என்று நினைத்தேன். "என்னக்கா சொல்லுதீங்க?"

"பொம்பள. நாப்பது ஆகல. யூரின்ல புரோட்டீன் இன்னும் கம்மியாதான் போவுது. அந்த மூணு கேள்வியையும் என்ன கேட்டாக்கா, நேரா ஏழுல போய் எறங்குவேன். அதே நோவுதாண்டி. அதான் உப்பு இல்ல, தண்ணி இல்ல."

அமீர்பேட்டில் கூட்டம் ஏறியது. எங்களைப் பிரித்தது. தலைகளுக்கு மேலாக அவர் முகம் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கூட்டம் இறங்கியதும் பக்கத்தில் வந்தார்.

"டாக்டர் காருகிட்ட சொல்லிட்டேன். இனிமே இதுல என் கை படக் கூடாது. நீ கலை."

கலைப்பது என்பது எங்கள் பிரிவில் அவர் கொண்டுவந்த சொல். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல. யார் மருந்து சாப்பிட்டார், யார் போலி சாப்பிட்டார் என்ற குறிப்பை மட்டும் எடுத்து நோயாளிகளுக்குள் தாறுமாறாக மாற்றிப் போட வேண்டும். இப்போது மருந்து யாருக்கும் உதவியிருக்க வழியில்லை. குறிப்பே பொய். அந்தப் பொய்யை வைத்து மறுபடி மரம் வளர்க்க வேண்டும். மறுபடி கலைத்து, மறுபடி வளர்த்து. பொய்யிலும் அதே அளவு பச்சை இலை வந்துகொண்டே இருந்தால், நம் கையில் இருக்கும் பச்சையை நம்பி ஊருக்குச் சொல்லக் கூடாது.

"நீங்களே கலைச்சா என்னக்கா?"

"நக்கோ. கலைச்சதுல பச்சை வரக் கூடாது, வரக் கூடாதுன்னு வேண்டிக்கினே கலைப்பேன். அப்படிக் கலைக்கிற கைய நீ நம்புவியா?"

கலைத்தேன். அந்த நாட்களில் காலை ரயிலில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுதாகர் மகளின் கணக்கு டியூஷன், மல்லாபூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரின் புது பைக், எங்கள் மேலதிகாரியின் தலைச்சாயம். எல்லாம் பேசினார்.

முடிவு வந்தது. கலைத்த மரங்கள் பலவற்றில் ஏதோ ஓர் இலை ஏழாம் இலை அளவுக்குப் பச்சையாகியிருந்தது. பலவற்றில். எல்லாவற்றிலும் இல்லை. ஒன்றுமே வராதிருந்தால் ஏழாம் இலையை நம்பலாம். எல்லாவற்றிலும் வந்திருந்தால் தூக்கிப் போடலாம். எங்களுக்குக் கிடைத்தது இரண்டும் இல்லை. அந்தப் பச்சை உண்மையாக இருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். கையில் உள்ள தரவு அதற்கு மேல் வாய் திறக்காது.

அவர் மேசையில் படங்களைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிதானமாக.

"பொய்யெல்லாம் எவ்ளோ அழகா வளந்திருக்குது பாரு" என்றார்.

அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பும் முன் கூட்டம். கலைத்த முடிவை நான்தான் சொன்னேன். ஹேமாக்கா கடைசி வரிசையில். டாக்டர் காரு ஏற்கெனவே ஒரு பக்கம் தயாரித்திருந்தார்: 'இளம் பெண்களுக்கு மருந்து பலனளிக்கிறது.' ஹார்மோன்கள் பற்றி விளக்கம் தொடங்கியது. நல்ல விளக்கம். கேட்கக் கேட்க நம்பத் தோன்றியது. எனக்கு நம்ப ஆசையாகவும் இருந்தது.

பின்னாலிருந்து குரல். "டாக்டர் காரு, இது பன்னிரண்டரையாவது ஆஸ்பத்திரியா?"

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் கூட்டம் முடிந்ததும் நடைவழியில் ஹேமாக்காவை நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். போகச் சொல்லவில்லை.

"அம்மா, நான் சொல்வதுபோல அனுப்பினால் அவர்கள் அடுத்த ஆய்வைத் தொடங்குவார்கள். உன்னைப் போன்றவர்களை மட்டும் வைத்து. உனக்கே மருந்து கிடைக்கலாம். இது உனக்குப் புரிகிறதா?"

"எனக்குப் புரியாம இருக்குமா சார்? அடுத்த ஆய்வு நடக்கணும். நானும் அதான் கேக்கிறேன். கேள்வின்னு சொல்லி நடத்துங்க. விடைன்னு சொல்லி நடத்தாதீங்க."

"கேள்விக்கு அவர்கள் செலவு செய்ய மாட்டார்கள்."

ஹேமாக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

டாக்டர் காருவைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். கடைசியில் அவரே தன் பக்கத்தை எடுத்துவிட்டு, கலைத்த முடிவையும், புது ஆய்வு ஒன்று தேவை என்ற பரிந்துரையையும் வைத்துக் கையெழுத்திட்டார். நிறுவனம் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. மருந்தை மூடிவிட்டது. அவர் சொன்னதே நடந்தது.

இந்த இடத்தில் பலரும் ஹேமாக்காவை அமைதியான துறவி ஆக்கிவிடுகிறார்கள். அன்று நான் அவருடன் இருந்தேன். அவர் அமைதியாக இல்லை. கீழே தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிப்பவர், முழுக் கோப்பையைக் குடித்தார். இன்னொன்று கேட்டார். நான் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

"ஒரு கேள்விய கேக்கக்கூட நாதி இல்லடி. பொய் சொன்னா காசு. உண்மைய சொன்னா நன்றி."

பிறகு உருது. எனக்குப் பாதி புரியவில்லை. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதன்பின் ஹேமாக்கா டாக்டர் காருவின் வழியாக அந்த நிறுவனத்துக்கு எழுதினார், சிறிய ஆய்வாவது செய்யுங்கள் என்று. பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். தான் நோயாளி என்பதை அந்தக் கடிதங்களில் அவர் எங்கும் சொல்லவில்லை. "அத சொன்னா பாவம் பாப்பாங்க. பாவம் பாத்து செய்ற ஆய்வு எனக்கு வாணாம்" என்றார். அப்புறம், "செஞ்சா வாணாம்னா சொல்லப் போறேன்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

சிறுநீரகங்கள் காத்திருக்கவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்தில் சில நாட்கள் ரயிலில் அவர் ஏறுவதில்லை. பிறகு பல நாட்கள். தம்பியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. காத்திருப்போர் வரிசையில் பெயர் இருந்தது. தொற்று முந்திக்கொண்டது.

அலுவலக அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த நண்பர்களே, உங்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் சொன்னார்: அந்த மருந்து மட்டும் வந்திருந்தால் ஹேமா இன்று நம்மோடு இருந்திருப்பார். இன்னொருவர் சொன்னார்: வேலை செய்யாத மருந்து என்று தெரிந்து, தன் உயிரைவிட உண்மையே பெரிது என்று நின்றவர். இரண்டுக்கும் எல்லோரும் தலையாட்டினீர்கள். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வெளியே போய் நடந்தேன். லிஃப்ட் வரை, திரும்பி, லிஃப்ட் வரை.

எந்தப் பக்கம் தலையாட்ட என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே ஆறுதல். முதல் வாக்கியம் கோபப்பட ஓர் ஆளைத் தருகிறது. இரண்டாவது கும்பிட ஓர் ஆளைத் தருகிறது.

மறுநாள் அந்த ஆய்வின் கோப்பைத் திறந்தேன். எனக்கு இன்னும் அனுமதி இருந்தது. எந்த நோயாளிகளைப் பொறுக்கி மரம் வளர்ப்பது என்பதை ஓர் எண் முடிவு செய்யும். அதற்கு விதை என்று பெயர். விதையை மாற்றினால் பொறுக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் மாறுவார்கள். மரம் மாறும். ஒரு விதை போட்டேன். ஹேமாக்காவின் வயதும் புரோட்டீனும் பச்சை இலையில் போய் இறங்கின. இன்னொரு விதை. வெளிறிய இலை. இன்னொன்று. பச்சை. எனக்குப் பிடித்த விதை வந்ததும் நிறுத்திவிடலாம் என்று விரல் சொன்னது. பிடித்தது எது? பச்சை வந்தால் அவரைச் சாகவிட்டோம். வெளிறினால் எதுவும் செய்திருக்க முடியாது. எந்த நிறத்தைப் பார்த்தாலும் அடுத்த விதைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

பிறகு மூடினேன். கடைசியாக அவரைப் பார்த்த நாள் ஞாபகம் வந்ததால் மூடினேன்.

டயாலிசிஸ் அறை. பிற்பகல். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். "அவ போட்ற உப்ப பாரு, கண்ணாலயே சாப்ட்றேன்" என்றார். குழாய்களில் அவர் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பல மாதங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்த மருந்து உங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"நான் உன்ன கேக்கலாம்னு இருந்தேன். கலைச்சவ நீதானே."

"எனக்குத் தெரியலக்கா."

"எனக்கும்தான்." குழம்பைப் பார்த்தபடியே சொன்னார். "நான் போனப்புறம் வந்து தெரியும்னு சொல்லுவாங்க பாரு. கேட்டிருக்கும்னு பாதிப் பேரு, கேட்டிருக்காதுன்னு பாதிப் பேரு. நீ ரெண்டு பக்கமும் போவாத. நக்கோ."

"அப்ப நான் எங்கக்கா நிக்க?"

"நடுவுல. காலு வலிக்கும். நில்லு."

செவிலியர் வந்து நேரம் முடிந்தது என்றார். கிளம்பினேன்.

அவருடைய எவர்சில்வர் டம்ளரைச் சுதாகர் எனக்குத் தர வந்தார். வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். லேப்டாப் அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஹேமாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் காட்டிய இடம் மட்டும். வசதியான இடம் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் நல்லவர்கள் அன்போடு கை நீட்டிக் கூப்பிடுகிறார்கள், நீங்களும் கூப்பிட்டீர்கள். அந்த மருந்து அவருக்குக் கேட்டிருக்குமா என்று யார் கேட்டாலும் தெரியாது என்கிறேன். சொல்லி முடித்ததும் மறுபடி எனக்குள் கேள்வி எழுகிறது. மறுபடி தெரியாது என்கிறேன்.

வலிக்கிறது அக்கா. நிற்கிறேன்.